கேமரா பேட்டரியும் குமரிக் காற்றும்

நாகர்கோவிலில் புதிதாகக் கேமரா வாங்குகிறவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை பேட்டரியைப் பற்றியதாகத்தான் இருக்கும். "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும். முழுசா இறங்கின பிறகுதான் திரும்பப் போடணும். பாதியில போட்டா கெட்டுப்போவும்." கல்யாண ஆர்டர் எடுக்கும் மூத்த போட்டோகிராபர், லைட் பிடிக்க வரும் பையனுக்கு இதைச் சொல்வார். அந்தப் பையன் பத்து வருஷம் கழித்துத் தனியாகக் கடை போட்டதும் தன் பையனுக்கு அதையே சொல்வான். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அது வேறொரு பேட்டரிக்காகச் சொல்லப்பட்டது. அந்தப் பேட்டரி கடைகளிலிருந்து போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. இன்றைய கேமராவுக்குள் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவது வீண், இரண்டாவது கெடுதல், மூன்றாவது நேர் தலைகீழ்.

விதி பிறந்த இடம் நிக்கல்-காட்மியம். 1899-ல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் உருவாக்கிய இந்த வகைதான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய கையடக்க பேட்டரியாக இருந்தது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களிலும் இதையே வைத்தார்கள். செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலுக்குள் நுழைந்து வெளியே வரும். நிழலில் இருக்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் செலவாகும், வெயிலுக்கு வந்ததும் அதே அளவு ஏறும். இப்படியே நாள்கணக்கில் நடந்தபின், வழக்கமான அளவைத் தாண்டி எடுக்கப்போனால் வோல்ட்டேஜ் சட்டென்று சரிந்தது. அந்த அளவை பேட்டரி 'ஞாபகம்' வைத்துக்கொண்டதுபோல் தோன்றியதால் நினைவு விளைவு என்ற பெயர் வந்தது. உள்ளே நடந்தது, காட்மியத்தின் நுண்படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாக வளர்ந்ததுதான். ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழுசா இறக்கு என்ற விதிக்கு அடிப்படை இது.

மணிக்கணக்கில் சார்ஜ் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பழைய சாதாரண சார்ஜருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே இருக்கும். இடையில் வெப்பமாகப் போகும் பங்கையும் சேர்த்தால், நிறைவதற்கு 14 முதல் 16 மணி நேரம். ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் எடு என்பது அந்தச் சார்ஜரோடு வந்த பழக்கம்.

காட்மியம் நச்சு உலோகம். அதை ஓரங்கட்டிவிட்டு, 1980களின் இறுதியில் நிக்கல்-உலோக ஹைட்ரைடு வந்தது. பிளாஷுக்குள் நான்கு நான்காகப் போடுகிறோமே, சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல், அதுதான் இது. இதன் எதிர்முனையில் ஒரு விசித்திரமான உலோகக் கலவை இருக்கிறது. லந்தனமும் நிக்கலும் ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் சேர்ந்த கலவை ஹைட்ரஜனைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதை பிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டார்கள். திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட நெருக்கமாக ஹைட்ரஜன் அந்த உலோகத்துக்குள் அடங்கும். விற்பனைக்கு வந்த செல்களில் சுத்த லந்தனத்துக்குப் பதிலாக லந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் கலந்த விலை குறைந்த அருமண் கலவையைப் போட்டார்கள்.

அந்தப் பெயர்கள் குமரி மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் மோனசைட் என்பது சீரியம், லந்தனம், நியோடிமியம் ஆகியவற்றின் பாஸ்பேட், கூடவே தோரியமும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்துத்தான் மோனசைட் இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பது இந்தக் கரையின் பழைய கதை. அந்தக் காலத்தில் தேடியது தோரியத்தை, காஸ் விளக்கின் மேண்டிலுக்காக. பிறகு 1950-ல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சியில் இன்றும் அதன் ஆலை இயங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் புதிதாகச் சுரங்கம் தோண்டும் திட்டத்தை மக்கள் எதிர்ப்பது தனி விவகாரம், தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான். கல்யாண மண்டபத்தில் மின்னும் பிளாஷுக்குள் இருக்கும் செல்லின் எதிர்முனையிலும், இந்தக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் அதே தனிமங்கள் இருக்கின்றன.

டிஜிட்டல் கேமரா வந்த தொடக்கத்தில் பல மாடல்கள் இந்தப் பென்சில் செல்லில்தான் ஓடின. கேனான் பவர்ஷாட் ஏ வரிசையை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் சாதாரண அல்கலைன் செல் வாங்கிப் போட்டால், கொஞ்சம் படம் எடுப்பதற்குள் 'பேட்டரி தீர்ந்தது' என்று கேமரா சொல்லிவிடும். அந்தச் செல்லை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். செல் தீரவேயில்லை. கேமராவுக்கு ஒரே நொடியில் நிறைய மின்னோட்டம் வேண்டும். அல்கலைன் செல்லுக்குள் மின்தடை அதிகம் என்பதால் அவ்வளவு கேட்டதும் அதன் வோல்ட்டேஜ் சரிகிறது. கேமரா பார்ப்பது வோல்ட்டேஜை மட்டும்தான், எனவே செத்துவிட்டதாக முடிவு கட்டுகிறது. ஹைட்ரைடு செல் எழுதியிருப்பதில் 1.2 வோல்ட்தான், அல்கலைனின் 1.5-ஐவிடக் குறைவு. ஆனால் உள்மின்தடை குறைவு என்பதால் சுமை ஏறும்போது விட்டுக்கொடுக்காது. பிளாஷ் அடுத்தடுத்து வேகமாக அடிப்பதும் அதனால்தான்.

ஹைட்ரைடு செல்லின் குறை வேறு. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் கசிந்துவிடும். பழைய வகைகள் ஒரு மாதத்தில் கால்பங்கு வரை இழக்கும். 2005-ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கசிவு குறைந்த செல்லைக் கொண்டுவந்த பிறகு, ஏற்றி வைத்துவிட்டு மாதங்கள் கழித்து எடுத்தாலும் பெரும்பங்கு மிஞ்சுகிறது. பிளாஷுக்கு வாங்குகிறவர் அந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. வாங்கிய நான்கையும் நான்காகவே வைத்திருக்க வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குறி போட்டுவிடலாம். புதியது மூன்றோடு பழையது ஒன்றைக் கலந்தால், அந்தக் கிழச்செல் முதலில் தீரும். மற்ற மூன்றும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளையே திருப்பிவிடும். அதற்குமேல் அது செல் இல்லை.

இனி நம் கைக்கு வந்திருக்கும் கட்டைப் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது முதலில் போய்ச் சேர்ந்த கருவிகளில் ஒன்று கையடக்க வீடியோ கேமரா. மின்சாரக் காருக்கு முன்பே இது படம் எடுக்கிறவர்களின் பேட்டரியாக இருந்தது. இதன் அடிப்படையை அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நம் பக்கத்தில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்குமாக உருவாக்கிய லித்தியம் அயனி செல்லின் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குத் தர முன்வந்தது 2018-ல். அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் நாகர்கோவிலுக்கு அருகே மேலச் சரக்கல்விளையில் பிறந்த கை. சிவன். நினைவு விளைவு பிறந்த செயற்கைக்கோளிலேயே இன்று லித்தியம் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

லித்தியம் பேட்டரி வேலை செய்யும் விதம் பழையதுபோல் இல்லை. ஒரு முனையில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஓர் உலோக ஆக்சைடு. இன்னொரு முனையில் கிராபைட். கிராபைட் என்பது கார்பன் அடுக்குகளின் கட்டு. பனையோலைச் சுவடியின் ஏடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, இடையிலுள்ள திரவத்தைக் கடந்து, அந்த ஏடுகளுக்கிடையே போய் உட்காரும். கேமராவை இயக்கும்போது திரும்பி வரும். அயனிகள் முழுக்கப் புகுந்தால் கிராபைட் பத்து சதவீதம் அளவுக்குப் பருக்கும், காலியானால் சுருங்கும். கரையவும் படியவும் இதில் பெரிதாக எதுவும் இல்லை, அதனால் காட்மியப் படிகம்போல் வளர்ந்து அடைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. நினைவு விளைவை நினைத்து ஒருவர் லித்தியம் பேட்டரியை வேண்டுமென்றே முழுக்க இறக்கும்போது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார். அந்த மருந்து உடம்பைக் கெடுக்கிறது.

முதல் சார்ஜ் பற்றிய நம்பிக்கையும் இங்கே பொருளற்றுப் போகிறது. அந்த முதல் சார்ஜைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிறார்கள். அயனிகள் முதன்முதலாகக் கிராபைட்டுக்குள் நுழையும்போது, திரவத்தின் ஒரு சிறு பகுதி சிதைந்து கிராபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் சீராக அமைவதற்காகத் தயாரிப்பாளர்கள் மிக மெதுவாக, கட்டுப்பாட்டோடு ஏற்றுகிறார்கள். பெட்டியைப் பிரித்து நாம் மாட்டும்போது பேட்டரி ஏற்கெனவே பழகியது. சார்ஜரின் விளக்கு பச்சையானதும் எடுத்துவிடலாம். சார்ஜர் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற எல்லையைத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். கடைசிப் பகுதி ஏற மட்டும் இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொள்வதற்கு விடை இதில் இருக்கிறது. பெரும்பாலான எஸ்எல்ஆர், மிரர்லெஸ் பேட்டரிகளில் இப்படி இரண்டு செல்கள் தொடராக இருக்கும். அதனால்தான் மேலே சராசரி அளவாக 7.2 வோல்ட் என்று எழுதியிருக்கிறது.

அந்த மெல்லிய படலம்தான் பேட்டரிக்கு ஆயுளும் அதற்கு எமனும். அது இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதையும். இருக்கும்போதும் வளர்வது நிற்பதில்லை, மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. எடுத்தது திரும்பாது. நாம் ஒரு படம்கூட எடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் இந்த வளர்ச்சி நடக்கும். அதை வேகப்படுத்துபவை இரண்டு: வெப்பம், நிறைவு. சார்ஜ் நிறைந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் இரு முனைகளுமே திரவத்தோடு வினைபுரியத் துடித்துக்கொண்டிருக்கும். வெப்பம் கூடினால் எந்த வேதிவினைக்கும் கால் முளைத்துவிடும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பொதுவான கணக்கு.

இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்பதற்குத் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அளவு உண்டு. 25 டிகிரி செல்சியஸில் நாற்பது சதவீத சார்ஜோடு ஒரு வருஷம் சும்மா வைத்த லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 96 சதவீதம் அளவில் நிற்கும். அதே வெப்பத்தில் முழுச் சார்ஜோடு வைத்தது 80-க்கு இறங்கிவிடும். 40 டிகிரியில், நாற்பது சதவீத சார்ஜோடு என்றால் 85, முழுச் சார்ஜோடு என்றால் 65. எந்தத் தயாரிப்பு, எந்தக் கலவை என்பதைப் பொறுத்து எண்கள் முன்பின் ஆகும். திசை மாறாது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்கலாம். குமரி மாவட்டத்தின் காற்று பேட்டரிக்கு அவ்வளவு கொடுமையானதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போனால் அடிக்கும் வெயில் இங்கே இல்லை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம், மூன்று பக்கமும் கடலும் மலையும். ஆபத்து காற்றில் இல்லை, காருக்குள் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைப் படம் எடுக்கப் போகிறவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்துவார். கண்ணாடி ஏற்றிய கார் உச்சி வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே ஐம்பது டிகிரியைத் தாண்டிவிடும், டாஷ்போர்டின் மேல் அதற்கும் அதிகம். முழுசாக ஏற்றிய இரண்டாவது பேட்டரி பையோடு பின்சீட்டில் கிடந்தால் மேலே சொன்ன கணக்கின் மிக மோசமான மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது. கையிலேயே கொண்டுபோவது அந்தப் பேட்டரிக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். 4கே வீடியோ எடுத்து முடித்துச் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டுவதும் அப்படியே. சற்று ஆறவிட்டு மாட்டலாம். 45 டிகிரிக்குமேல் சூடான பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடாது.

வெப்பம் ஆகாது என்றால் பிரிட்ஜில் வைத்துவிடலாமே என்று சிலர் செய்வார்கள். வறண்ட ஊரில் அது ஓரளவு சரிப்படும். நாகர்கோவிலில் சரிப்படாது. 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண மாலையில், 24 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த பேட்டரி நிமிஷத்தில் வியர்க்கும். அந்த நீர் முனைகளுக்கிடையேயும், உறையின் இணைப்பு வழியாக உள்ளே இருக்கும் சிறு மின்சுற்றுப் பலகைக்கும் போகும். அறை அலமாரியில், ஜன்னல் வெயில் படாத தட்டில், மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத்தூள் முனைகளில் ஒட்டுவதுதான் மிச்சம்.

கடற்கரை ஊருக்கே உரிய இன்னொன்று உப்பு. கன்னியாகுமரியில் சூரியோதயம் எடுக்கிறவர், சங்குத்துறையிலும் முட்டத்திலும் பாறைமேல் அலை தெறிப்பதை எடுக்கிறவர், விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகிறவர் எல்லாருடைய கேமராவிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் உட்காரும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். பேட்டரியின் முனைகளில் தங்கப்பூச்சு இருந்தாலும் அது மிக மெல்லியது. அரிப்பு தொடங்கினால் முனைக்கும் கேமராவுக்கும் இடையே மின்தடை கூடும், சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சரியும். அல்கலைன் செல் விஷயத்தில் பார்த்த அதே ஏமாற்று இங்கேயும் நடக்கும். பாதிச் சார்ஜ் இருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். பேட்டரி போச்சு என்று புதியது வாங்குவதற்குமுன் முனைகளைத் துடைத்துப் பார்க்கலாம். உலர்ந்த சுத்தமான பருத்தித் துணி போதும். கறை விடாவிட்டால் காது துடைக்கும் பட்ஸில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடாது, தங்கப்பூச்சு போய்விடும். வாயால் ஊதினால் ஈரத்தைக் கூட்டுகிறோம். கடற்கரையில் நின்று உடுத்தியிருக்கும் கைலி நுனியால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைலியிலும் உப்புதான். கடல்தண்ணீரில் விழுந்த பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவே கூடாது. உள்ளே உப்பு போயிருந்தால் அது எப்போது குறுக்கிணையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, வேலை செய்கிற போட்டோகிராபர் பதற வேண்டியதில்லை என்றே சொல்வேன். முகூர்த்த நாளில் விடியற்காலை மணப்பெண் அலங்காரத்தில் தொடங்கி இரவு வரவேற்பு வரை ஓடுகிறவர் பேட்டரியை நாற்பது சதவீதத்தில் நிறுத்தி வைத்துக் கொண்டாட முடியாது. முந்தின ராத்திரி நூறு சதவீதம் ஏற்றட்டும், மறுநாள் அது இறங்கத்தானே போகிறது. நிறைவில் நிற்கும் நேரம் சில மணிகள்தான். இடைவேளையில் சாப்பிடப் போகும்போது பாதி இறங்கியதைச் சார்ஜில் போடுவதும் நல்லதே. லித்தியத்துக்கு ஆழமாக இறங்கி ஏறுவதைவிட மேலோட்டமாக இறங்கி ஏறுவது சுமை குறைவு. பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினால் ஒரு சுற்றுதான் கணக்கு. முந்நூறிலிருந்து ஐந்நூறு முழுச் சுற்றுகள் வரை ஓடிவிட்டுக் கொள்ளளவு எண்பது சதவீதம் அளவுக்கு வந்தால், அது உழைத்துத் தேய்ந்த பேட்டரி. குறைசொல்ல ஒன்றுமில்லை.

கெட்டுப்போவது வேலைசெய்யாத பேட்டரிதான். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கேமரா, வருஷத்துக்கு ஒருமுறை மண்டைக்காட்டுக் கொடைக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ வெளியே வரும். மற்ற நாளெல்லாம் முழுச் சார்ஜோடு பீரோவில். அல்லது அதைவிட மோசம், முழுக்க இறங்கிய நிலையில் பீரோவில். தேரூர்க் குளத்தில் கூழைக்கடா வரும் பருவத்தில் மட்டும் கேமரா தூக்குகிற பறவை ஆர்வலர்களும் இந்தக் கூட்டம்தான். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. பருவம் முடிந்ததும் பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி, கேமராவிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். கேமரா அணைந்திருந்தாலும் உள்ளே கடிகாரம் ஓடுகிறது, சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிக்குக் கொண்டுவந்தால் போதும்.

இறங்கியதை அப்படியே போட்டு வைப்பது ஏன் மோசம்? செல்லின் வோல்ட்டேஜ் மிகவும் கீழே போனால் கிராபைட்டைத் தாங்கியிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரு முனைகளையும் உள்ளுக்குள்ளேயே இணைக்கப் பார்க்கும். இதைத் தடுக்கத்தான் பேட்டரிக்குள் ஒரு காவல் சுற்று இருக்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் கதவை அடைத்துவிடும். கேமராவில் 'சார்ஜ் இல்லை' என்று வந்து அணைவது அந்த எல்லைக்குச் சற்று மேலேயே. அந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் மிச்சமும் கசிந்து, சார்ஜர்கூட அடையாளம் காணாத கட்டைத் துண்டாகிவிடும். வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து அதை உசுப்பிவிடும் வித்தையைச் சிலர் செய்வார்கள். செம்பு கரைந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த வித்தையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாதி அளவில் வை என்பதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதை இந்த மாவட்டத்தில் யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் திரும்பி வராத படகுகளுக்காக மக்கள் நின்ற நாள்களில், விழுந்த ரப்பரையும் வாழையையும் கணக்கெடுக்க வேண்டியிருந்த நாள்களில், சார்ஜ் உள்ள ஒவ்வொரு கருவியும் விலைமதிப்பற்றதாக இருந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாப் பேட்டரியையும் நூறுக்கு ஏற்றிவிட வேண்டும், சந்தேகமே இல்லை. சில நாள் நிறைவாக இருப்பதால் இழப்பது மிகச் சொற்பம். மேலே சொன்ன இழப்பெல்லாம் மாதக்கணக்கில் சேர்வது.

குளிர் பற்றி இங்கே கவலையில்லை. ஆனால் நம் ஆட்கள் காஷ்மீருக்கும் லடாக்குக்கும் படமெடுக்கப் போகிறார்கள். குளிரில் அயனிகளின் நடமாட்டம் மந்தமாவதால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுபோல் காட்டும், சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றினால் திரும்ப வரும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதுதான் நிரந்தரக் கெடுதல். அப்போது லித்தியம் ஏடுகளுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். விமானத்தில் போகும்போது உதிரிப் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை, கேமரா பேட்டரி பெரும்பாலும் 20-ஐக்கூடத் தொடாது. சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாமல் முனைக்கு மூடி போட வேண்டும். கேனான் பேட்டரியோடு வரும் மூடியில் பேட்டரி வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கும். ஒரு பக்கமாக மாட்டினால் அதன் வழியே நீல நிறம் தெரியும், திருப்பி மாட்டினால் தெரியாது. நீலம் தெரிந்தால் ஏற்றியது, தெரியாவிட்டால் இறங்கியது என்று அடையாளம் வைத்துக்கொள்ள. மூடியைப் பெட்டியோடு தூக்கிப்போட்டவர்களே அதிகம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது விலை. கம்பெனிப் பேட்டரியின் கால்விலைக்கு, எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் மணி அதைவிட ஒன்றரை மடங்கு என்றால், அதே அளவு கூட்டுக்குள் அவ்வளவு அடங்காது என்பதை நினைத்துக்கொள்ளலாம். கேனான் எல்பி-இ6 பேட்டரி 1800, அதன் பின்வந்த எல்பி-இ6என் 1865. வருஷக்கணக்கில் உழைத்து அந்தத் தலைமுறையில் அவர்கள் ஏற்றியது 65 மில்லி ஆம்பியர் மணிதான். நல்ல பேட்டரிகளில் இரண்டுக்கு மேற்பட்ட முனைகள் இருப்பது வெப்பத்தையும் பேட்டரியின் நிலையையும் கேமராவுக்குச் சொல்வதற்காக. மலிவுச் சரக்கில் அந்த முனை அலங்காரமாக மட்டும் இருப்பதுண்டு. கேமராவின் மெனுவிலேயே பேட்டரியின் வயதைப் பார்க்கலாம். நிக்கானில் 0 முதல் 4 வரை ஓர் அளவு, 0 என்றால் புதியது. கேனானில் மூன்று பச்சைக் கட்டங்கள். சார்ஜ் நிக்கவில்லை என்று புலம்புவதற்குமுன் அங்கே ஒரு தடவை போய்ப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

கேமராவிலிருந்து பேட்டரி இழுத்தாலும் வரவில்லை என்றால் அது ஊதியிருக்கிறது. உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக்கூடாது, துளை விழுந்தால் தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டும். வெளியே வந்த ஊதிய பேட்டரியின் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று சோதிக்க வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தீப்பற்றாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. வீட்டுக் குப்பையோடு சேர்ந்து வலம்புரிவிளைக் கிடங்குக்குப் போனால், லாரியில் நசுங்கியோ மண்வெட்டி பட்டோ அங்கே பற்றிக்கொள்ளும். விற்ற கடையிலோ கம்பெனியின் சேவை மையத்திலோ கொடுத்துவிடலாம், வாங்க மறுத்தால் இந்த விதியின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.